குளவியையும் கணக்கில் எடுத்தவர்: ரேச்சல் கார்சன்

1960களின் தொடக்கம். வட போர்னியோவில், அதாவது இன்றைய சபாவில், மலேரியா ஒழிப்புப் பணி தீவிரமாக நடந்துகொண்டிருந்தது. பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று உட்புறமெங்கும் டிடிடி மருந்து அடித்தார்கள். குறி, மலேரியாவைப் பரப்பும் கொசு. ஆனால் யாரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. மருந்தடித்த வீடுகளின் அத்தாப்புக் கூரைகள் வழக்கத்தைவிட விரைவாக இற்றுப்போகத் தொடங்கின.

ஆராய்ந்தபோது காரணம் தெரிந்தது. கூரை ஓலையைத் தின்னும் ஓர் அந்துப்பூச்சியின் புழுக்கள் பெருகியிருந்தன. அதுவரை அந்தப் புழுக்களைக் கட்டுக்குள் வைத்திருந்தது ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி. மருந்து குளவியைக் கொன்றுவிட்டது. புழுவோ மருந்து பட்ட ஓலையை ஒதுக்கிவிட்டு மற்றதைத் தின்று தப்பித்துக்கொண்டது. காவல்காரன் இறந்தான், திருடன் பிழைத்தான்.

கொசுவைக் கொல்லப் போன மருந்து எப்படிக் கூரையைச் சரித்தது? இந்த வகைக் கேள்வியைத்தான் அதே ஆண்டுகளில் உலகின் மறுபக்கத்தில், அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலத்தில், ஒரு பெண்மணி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பெயர் ரேச்சல் கார்சன். அவர் எழுதிய ‘சைலண்ட் ஸ்பிரிங்’, தமிழில் ‘மௌன வசந்தம்’, உலகச் சுற்றுச்சூழல் இயக்கத்தின் தொடக்கம் என்று பாடநூல்களில் படித்திருப்பீர்கள். பறவைகளுக்காகக் குரல் கொடுத்தவர் என்றுதான் பலரும் அவரை அறிவார்கள். வயலுக்குள் நமக்காக வேலை செய்யும் சிறு பூச்சிகளுக்காகவும் அவர் பேசினார் என்பது அவ்வளவாகத் தெரியாத செய்தி.

ஆற்றங்கரைச் சிறுமி

ரேச்சல் 1907ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூரில் பிறந்தார். மூன்று பிள்ளைகளில் கடைசி. வசதியான குடும்பம் அல்ல. ஆனால் வீட்டைச் சுற்றித் தோப்பும் காடும் இருந்தன. அருகில் அலகேனி ஆறு ஓடியது. அம்மா மரியா மகளைக் கையோடு அழைத்துப்போய் பறவைகளையும் பூச்சிகளையும் காட்டினார். பார்த்துவிட்டு அவற்றை அதனதன் இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்றும் பழக்கினார்.

எழுத்தும் சிறு வயதிலேயே வந்தது. பதினோரு வயதில் அவருடைய கதை ஒரு சிறுவர் இதழில் அச்சேறியது. எழுத்தாளராக வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கச் சேர்ந்தார். அங்கே மேரி ஸ்கிங்கர் என்ற உயிரியல் ஆசிரியையின் பாடங்கள் அவரைத் திசைதிருப்பின. இலக்கியத்தை விட்டு உயிரியலுக்கு மாறினார். அறிவியல் பெண்களுக்கு ஏற்ற துறை அல்ல என்று பலர் எண்ணிய காலம் அது. மாறியது நல்ல முடிவுதானா என்று அவருக்கே தயக்கம் இருந்தது. அறிவியல் தனக்கு எழுதுவதற்குப் பொருள் தந்திருக்கிறது என்பதைப் பிற்பாடுதான் உணர்ந்தார்.

1929இல் பட்டம் பெற்று, அந்தக் கோடையில் உட்ஸ் ஹோல் கடல்சார் ஆய்வகத்தில் முதன்முறையாகக் கடலைக் கண்டார். 1932இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். முனைவர் பட்டப் படிப்பையும் தொடங்கினார். ஆனால் அமெரிக்காவின் பொருளாதார மந்தநிலை அவர் குடும்பத்தையும் விடவில்லை. படிப்பைப் பாதியில் நிறுத்தினார். இந்த முனைவர் பட்டக் குறையைத்தான் முப்பது ஆண்டுகள் கழித்து எதிரிகள் அவர்மீது வீசினார்கள்.

சுமையும் எழுத்தும்

1935இல் அப்பா இறந்தார். 1937இல் அக்கா இரண்டு பெண் பிள்ளைகளை விட்டுவிட்டு இறந்தார். வயதான அம்மா, பள்ளி செல்லும் இரு பிள்ளைகள் என எல்லாருடைய பொறுப்பும் திருமணமாகாத கார்சனின் தோளில் விழுந்தது. இதற்குள் அவர் அரசாங்கத்தின் மீன்வளத் துறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். கடல் உயிரினங்களைப் பற்றி வானொலிக்கு எழுதுவதில் தொடங்கி, துறையின் வெளியீடுகள் அனைத்துக்கும் தலைமை ஆசிரியராக உயர்ந்தார். பகலில் அலுவலகம், இரவில் எழுத்து.

முதல் நூல் 1941 நவம்பரில் வந்தது. அடுத்த மாதமே பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு அமெரிக்கா போரில் இறங்க, நூலை வாங்குவார் இல்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 1951இல் வெளிவந்த ‘நம்மைச் சூழ்ந்த கடல்’ என்ற பொருள்படும் இரண்டாவது நூல் அவர் வாழ்க்கையை மாற்றியது. நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் 86 வாரங்கள் நின்றது. தேசிய நூல் விருதும் கிடைத்தது. 1952இல் வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார்.

இந்தப் புகழோடு அவர் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் பல ஆண்டுகளாக மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது.

அதிசய மருந்து

டிடிடிக்குப் பூச்சியைக் கொல்லும் ஆற்றல் உண்டு என்பதைச் சுவிட்சர்லாந்து வேதியியலாளர் பால் முல்லர் 1939இல் கண்டறிந்தார். போர்க்காலத்தில் பேன் பரப்பும் டைபஸ் காய்ச்சலையும் மலேரியாவையும் தடுக்க அது பெரிதும் உதவியது. 1948இல் முல்லருக்கு நோபல் பரிசு கிடைத்தது. போர் முடிந்ததும் அதே மருந்து பண்ணைக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் வந்தது. விலை குறைவு; ஒருமுறை அடித்தால் நீண்ட நாள் நிற்கும்; ஏறக்குறைய எல்லாப் பூச்சிகளையும் கொல்லும்.

இவை மூன்றும் நல்ல குணங்களாகவே பார்க்கப்பட்டன. நீண்ட நாள் நிற்பதும் எல்லாவற்றையும் கொல்வதும்தான் ஆபத்து என்பதைச் சில ஆய்வாளர்கள் மட்டுமே கவனித்தார்கள். கார்சனுக்குத் தன் அலுவலகம் வழியாக அந்த ஆய்வுகள் தெரிந்திருந்தன. 1945இலேயே டிடிடி சோதனைகளைப் பற்றிக் கட்டுரை எழுதித் தருவதாக ஒரு பிரபல இதழிடம் கேட்டார். அவர்கள் ஆர்வம் காட்டவில்லை.

1957இல் நியூயார்க் அருகே லாங் தீவில், மரங்களைத் தாக்கும் அந்துப்பூச்சியை ஒழிக்க விமானத்திலிருந்து டிடிடி தூவினார்கள். மக்கள் நீதிமன்றம் போனார்கள். 1958 சனவரியில், மாசசூசெட்ஸில் கொசு மருந்து தூவியபின் தன் தோட்டத்துப் பறவைகள் செத்து விழுந்ததைத் தோழி ஒருவர் செய்தித்தாளுக்கு எழுதி, கார்சனுக்கும் தெரிவித்தார். வேறு யாராவது எழுதுவார்களா என்று பார்த்தார் கார்சன். யாரும் முன்வராததால் தானே எழுத முடிவு செய்தார்.

குளவி செய்யும் வேலை

அவர் படித்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த ஓர் உண்மை உண்டு. பயிரைத் தின்னும் பூச்சிகளில் பெரும்பாலானவை இயற்கையிலேயே கட்டுப்பட்டிருக்கின்றன. கட்டுப்படுத்துவது மனிதன் அல்ல, மற்றப் பூச்சிகள்.

அவற்றில் முக்கியமானவை ஒட்டுண்ணிக் குளவிகள். நம் வீட்டுக் கூரையில் கூடு கட்டிக் கொட்டும் குளவிகளைப் போன்றவை அல்ல இவை. பல வகைகள் சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும். மனிதரைத் தொந்தரவு செய்யாது. பெண் குளவி இலை இலையாகத் தேடி நடந்து ஒரு புழுவைக் கண்டுபிடிக்கும். அதன் உடலின் உள்ளேயோ மேலேயோ முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் இளம்புழு, இடங்கொடுத்த புழுவையே தின்று வளரும். முடிவில் பயிரைத் தின்னும் புழு சாகும்; ஒரு புதிய குளவி பறக்கும்.

பூச்சிமருந்து அடித்தால் இரண்டும் சமமாகச் சாகும் என்று நாம் நினைப்போம். அப்படி நடப்பதில்லை. குளவி எப்போதும் இலைப்பரப்பில் நடந்து திரிவதால் மருந்து அதன் உடலில் அதிகம் படுகிறது. புழு இலை மடிப்பிலோ தண்டுக்குள்ளோ ஒளிந்திருக்கக்கூடும். இலை தின்னும் பூச்சிகளுக்குத் தாவர நஞ்சுகளைச் சமாளித்துப் பழகிய நொதிகள் உடலில் உண்டு. குளவிகளுக்கு அந்தத் திறன் பெரும்பாலும் குறைவு. இன்னொன்றும் இருக்கிறது. பிழைத்த புழுவுக்குச் சுற்றிலும் உணவு. பிழைத்த குளவிக்கோ முட்டையிடப் புழுவே கிடைக்காது. ஆகவே முதலில் பெருகுவது புழுதான். விவசாயி மறுபடியும் மருந்து அடிப்பார். குளவி மேலும் குறையும். இதற்கிடையே மருந்துக்குச் சாகாத பூச்சிகள் தலைமுறை தலைமுறையாகப் பெருகும்.

இரண்டு ஊர்கள்

கார்சன் தம் நூலில் எழுதிய இரண்டு நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

முதலாவது, இலினோய் மாநிலத்தின் ஷெல்டன் என்ற ஊர். 1916இல் நியூ ஜெர்சியில் முதன்முதலாகக் காணப்பட்ட ஜப்பானிய வண்டு மெல்ல மேற்கு நோக்கிப் பரவி இங்கு வந்து சேர்ந்தது. 1954இல் அதை ஒழிக்க விமானத்திலிருந்து டீல்டிரின் என்ற கடும் நஞ்சைத் தூவினார்கள். வண்டுப் புழுக்களோடு பறவைகளும் சிறு விலங்குகளும் மடிந்தன. முதல் பருவத்திலேயே பண்ணைகளின் பூனைகளில் சுமார் 90 விழுக்காடு இறந்தன. ஆனால் வண்டு முன்னேறுவது நிற்கவில்லை.

கிழக்கு மாநிலங்களில் அதே வண்டு ஏற்கெனவே அடங்கியிருந்தது. கிழக்காசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட டிஃபியா என்ற ஒட்டுண்ணிக் குளவி அங்கே வேரூன்றியிருந்தது. அது மண்ணுக்குள் துளைத்துச் சென்று, வண்டின் புழுவை அசையாமல் செய்து, அதன்மேல் ஒரே ஒரு முட்டை இடும். வண்டுப் புழுவை மட்டும் தாக்கும் ஒரு பாக்டீரியா நோயும் துணை நின்றது. இந்த வழி ஷெல்டனுக்கும் தெரியாத வழி அல்ல. செலவு அதிகம், பலன் தாமதம் என்று அது தள்ளப்பட்டது.

இரண்டாவது, கனடாவின் நோவா ஸ்கோஷியா. அன்னாபொலிஸ் பள்ளத்தாக்கின் ஆப்பிள் தோட்டங்களில் ஏ. டி. பிக்கெட் என்ற பூச்சியியலாளர் வேறு விதமாகச் சிந்தித்தார். அவர் மருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்மை செய்யும் பூச்சிகளுக்கு எது குறைவான தீங்கு தருகிறதோ அந்த மருந்தைத் தேர்ந்தெடுத்தார். அளவைக் குறைத்தார். மொட்டு, மலர், காய் என்ற பருவங்களைப் பார்த்து நேரத்தை வகுத்தார். ஒட்டுண்ணிகளும் இரைகொல்லிப் பூச்சிகளும் தோட்டத்தில் தங்கின. தரமான பழங்கள் கிடைத்தன. மற்ற ஆப்பிள் பகுதிகளில் பூச்சிமருந்துக்கு ஆகும் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கே ஆகவில்லை என்று கார்சன் பதிவு செய்தார்.

பிக்கெட் பயன்படுத்திய மருந்துகளில் காரீய ஆர்சனேட்டும் ஒன்று. அது மனிதருக்கு நஞ்சு. இன்று யாரும் அதைப் பரிந்துரைக்க மாட்டார்கள். ஆகவே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் மருந்துப் பட்டியலை அல்ல, அவர் கேட்ட கேள்விகளை. எந்த மருந்து? எவ்வளவு? எப்போது? அது வயலில் இருக்கும் நம் நண்பனை என்ன செய்யும்?

நோயோடு எழுதிய நூல்

நூலுக்கான ஆராய்ச்சி நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. அந்த ஆண்டுகள் கார்சனுக்குக் கடுமையானவை. 1957இல், அவர் வளர்த்த அக்கா மகள்களில் ஒருவர் இறந்தார். அவருடைய ஐந்து வயது மகனை ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த கார்சன் தத்தெடுத்துக்கொண்டார். 1958 டிசம்பரில் அம்மாவும் போனார்.

1960 வசந்தத்தில் மார்பகத்தில் கட்டி கண்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. புற்றுநோய் என்பதை மருத்துவர் அவரிடம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அந்த ஆண்டின் இறுதியில்தான் அவருக்கு உண்மை தெரிந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சை, மூட்டு வலி, கண் அழற்சி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சில வாரங்கள் படிக்கவே முடியாமல், உதவியாளர் வாசிக்கக் கேட்டுத் திருத்தினார். தம் நோயைப் பொதுவெளியில் சொல்லவே இல்லை. சொன்னால், நோயின் கோபத்தில் எழுதுகிறார் என்று நூலை ஒதுக்கிவிடுவார்கள் என அஞ்சினார்.

1962 ஜூனில் நியூயார்க்கர் இதழில் தொடராகவும் செப்டம்பர் 27இல் நூலாகவும் வெளிவந்தது. தாக்குதல் வரும் என்று தெரிந்தே ஆதாரப் பட்டியலை மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட பக்கங்களுக்குக் கொடுத்திருந்தார்.

தாக்குதல் வந்தது. ஓர் இரசாயன நிறுவனம் பதிப்பாளரை வழக்குப் போடுவதாக மிரட்டியது. முனைவர் பட்டம் இல்லாதவர், உணர்ச்சிவசப்பட்டவர், பிள்ளை குட்டி இல்லாத பெண்ணுக்கு எதற்கு எதிர்காலக் கவலை என்றெல்லாம் பேசினார்கள். அதிபர் கென்னடி தம் அறிவியல் ஆலோசனைக் குழுவை இந்த விஷயத்தை ஆராயச் சொன்னார். 1963 மே மாதம் வெளிவந்த அதன் அறிக்கை பெருமளவு கார்சனின் பக்கம் நின்றது. அடுத்த மாதம் அவர் செனட் விசாரணைக் குழுவின்முன் சாட்சி சொன்னார். அப்போது புற்றுநோய் உடலில் பரவியிருந்தது. அமைதியாக, ஆதாரத்தோடு பேசிய அவர் எவ்வளவு வலியோடு உட்கார்ந்திருந்தார் என்பது அங்கிருந்த பலருக்குத் தெரியாது.

1964 ஏப்ரல் 14ஆம் நாள் ரேச்சல் கார்சன் காலமானார். வயது 56. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1970இல் உருவானதையும், 1972இல் அந்நாட்டில் டிடிடியின் பெரும்பாலான பயன்பாடுகள் தடைசெய்யப்பட்டதையும் அவர் காணவில்லை.

அவர் கேட்டது என்ன?

கார்சன் எல்லாப் பூச்சிமருந்துகளையும் ஒழிக்கச் சொன்னார் என்றும், அதனால் மலேரியா பெருகியது என்றும் இன்றும் சிலர் எழுதுகிறார்கள். நூலைப் படித்தவர்களுக்கு அது உண்மை அல்ல என்று தெரியும். மருந்தே கூடாது என்பது அவர் வாதம் அல்ல. விளைவை ஆராயாமல், கண்ட இடத்தில், அளவின்றித் தூவுவதைத்தான் எதிர்த்தார். அப்படித் தூவினால் பூச்சிகளுக்கு எதிர்ப்பாற்றல் வந்து, நோய் தடுக்கும் மருந்தும் வீணாகும் என்று எச்சரித்தார். நோய் பரப்பும் பூச்சிகளுக்கு எதிராக டிடிடியை வரையறையோடு பயன்படுத்த உலக உடன்படிக்கை இன்றும் இடம் வைத்திருக்கிறது.

அவர் கேட்ட கேள்வி இன்று தனி ஆய்வுத் துறையாகவே வளர்ந்திருக்கிறது. ஐரோப்பாவில் புதிய பூச்சிமருந்துக்கு அனுமதி கேட்கும்போது, அசுவினியைத் தாக்கும் ஓர் ஒட்டுண்ணிக் குளவியின் மீதும் அதைச் சோதிக்க வேண்டும். குளவி பிழைத்தால் மட்டும் போதாது. மருந்து பட்டபின் அது முட்டையிடுகிறதா என்றும் பார்க்கிறார்கள். சாகாமல் மலடாகிவிட்டாலும் விவசாயிக்கு இழப்புதானே!

நமக்கு அருகிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கேமரன் மலையில் முட்டைக்கோஸைத் துளைக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி, அடித்த மருந்துகளுக்கெல்லாம் பழகிப்போனது. 1970களில் அதற்கு எதிராக டயாடெக்மா என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆனால் வயலில் கடும் மருந்து தொடர்ந்து அடிக்கப்பட்டதால் குளவியால் தலையெடுக்க முடியவில்லை. புழுவின் வயிற்றைத் தாக்கி, குளவியைப் பெரும்பாலும் விட்டுவிடும் பிடி என்ற பாக்டீரியா மருந்துக்கு விவசாயிகள் மாறியபின்தான் குளவி தன் வேலையைக் காட்டியது. ‘மௌன வசந்தம்’ நூலின் கடைசி அத்தியாயத்தில் கார்சன் நம்பிக்கையோடு குறிப்பிட்ட மருந்துகளில் இந்தப் பாக்டீரியாவும் ஒன்று.

இயற்கையானது என்றாலே பாதுகாப்பானது என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். செவ்வந்தி இனப் பூவிலிருந்து எடுக்கப்படும் பைரித்திரம் இயற்கையானதுதான்; ஆனால் அது பட்டால் குளவியும் சாகும். லேபிளில் இருக்கும் சொல்லைப் பார்க்காமல், அது எதைக் கொல்கிறது, எதை விடுகிறது என்று பார்ப்பதுதான் கார்சன் காட்டிய வழி.

அறிவியலா, இலக்கியமா என்று தயங்கி நிற்கும் மாணவர்களுக்கும் அவர் வாழ்க்கையில் ஒரு செய்தி இருக்கிறது. பூச்சியியலாளர்களின் ஆய்வுகள் அவர் எழுதுவதற்கு முன்பே இருந்தன. அவற்றைப் படித்தவர்கள்தான் குறைவு. இலக்கியம் படிக்கப்போய் உயிரியலுக்கு மாறிய ஒருவர் அவற்றை எல்லாருக்கும் புரியும்படி எழுதியபோதுதான் சட்டங்கள் மாறின.

அடுத்த முறை பள்ளித் தோட்டத்திலோ வீட்டுத் தொட்டியிலோ புழு அரித்த இலையைக் கண்டால், மருந்துப் புட்டியை எடுக்குமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள். புழுவின் பக்கத்தில் அரிசிமணியைவிடச் சிறிய வெள்ளை அல்லது மஞ்சள் கூடுகள் ஒட்டியிருக்கலாம். அவை புழுவின் முட்டைகள் என்று எண்ணி நசுக்கிவிடாதீர்கள். பெரும்பாலும் அவை ஒட்டுண்ணிக் குளவியின் கூடுகள். வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது.